பழைய கொலுசும் பருத்திப் பூவும்

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் ஒரு சின்ன டப்பா இருக்கிறதல்லவா? இல்லையென்று சொல்லாதீர்கள். எல்லா வீட்டிலும் இருக்கும். திருகு கழன்று போன கொலுசு, ஜோடி இழந்த மெட்டி, குழந்தைக்கு ஒரு வருஷம் போட்டுக் கழற்றிய அரைஞாண், மூடி நசுங்கிய குங்குமச் சிமிழ். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் துடைப்போம். 'இதை ஏதாவது செய்ய வேண்டும்' என்று சொல்வோம். பிறகு அதே துணியில் அதே முடிச்சைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவோம்.

அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர் பசுவந்தனை. கோவில்பட்டிப் பக்கம், கரிசல் சீமை. கைலாசநாதர் கோயில் உள்ள ஊர் என்று சொன்னால் தெற்கத்திக்காரர்களுக்கு உடனே தெரியும். இப்போது அவர் பட்டணத்தில் குடித்தனம் செய்கிறார். சென்ற வருஷம் தாயார் காலமாகிவிட்டார். தாயார் விட்டுப் போன சொத்து என்று பார்த்தால் ஒரு ஜோடி முத்துக் கொலுசு, இரண்டு அரைஞாண், ஒரு சிமிழ், சில்லறையாகக் கொஞ்சம் வெள்ளி. மொத்தம் 180 கிராம்.

இதில் என்ன பிரச்னை என்று கேட்கிறீர்களா? மழை பொய்த்த வருஷங்களிலெல்லாம் அந்தக் கொலுசு அடகுக் கடைக்குப் போகுமாம். வெள்ளாமை வீடு வந்ததும் திரும்பி வருமாம். தாயாரின் காலில் கொலுசுச் சத்தம் கேட்டால் வீட்டில் தானியம் இருக்கிறது என்று குழந்தைகளே தெரிந்துகொள்வார்களாம். கடைசித் தடவை மீட்டது தமையனார். ஆகவே அவர், "வித்துப் பங்கு வச்சுக்கிடுவோம். வெள்ளி இப்ப நல்ல விலை போகுது" என்கிறார். தங்கைக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் உருக்கித் தஞ்சாவூர்த் தட்டு மாதிரி ஒன்று செய்து, மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். "நானே என் கையால் ஏதாவது செய்ய முடியுமா?" என்றும் ஒரு கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக, "அண்ணன் சொல்வதும் நியாயம்தானே?" என்று இன்னொரு கேள்வி.

மூன்று கேள்விக்கும் இந்த வாரம் பதில் சொல்லப் பார்க்கிறேன். டப்பா வைத்திருக்கும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் தஞ்சாவூர்த் தட்டு. அதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட விழாவில் தலைமை விருந்தினருக்குக் கொடுப்பார்கள். நடுவில் நடராஜரோ, பிள்ளையாரோ, சரஸ்வதியோ. சுற்றிலும் பூக்கொடியும் மயிலும். பித்தளை, செம்பு, வெள்ளி என்ற மூன்று உலோகமும் ஒரே வட்டத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) காலத்தில் இந்த வேலை தஞ்சையில் தழைத்தது என்பார்கள். 2007-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தத் தட்டில் ஒரு ரகசியம் இருக்கிறது. பார்த்தால் வெள்ளியை வார்த்துச் செய்த உருவம்போல் கனமாகத் தெரியும். உண்மையில் அது வெறும் மெல்லிய தகடு. உருவம் செதுக்கிய உலோக அச்சின் மேல் தகட்டை வைத்து மெல்ல மெல்லத் தட்டுவார்கள். அச்சில் உள்ள மேடும் பள்ளமும் தகட்டில் எழும்பும். அதைத் திருப்பினால் பின்புறம் குழியாக இருக்கும். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகால் அந்தக் குழியை நிரப்புவார்கள். பிறகு பித்தளைத் தட்டில் வெட்டிய காடியில் விளிம்பைப் பொருத்தி, உளியால் தட்டி இறுக்கிவிடுவார்கள். அடித்தட்டு செய்வது ஒரு கை, வெள்ளி வேலை இன்னொரு கை, பொருத்தி மெருகிடுவது வேறொரு கை என்று வேலை பிரிந்திருப்பது பழைய வழக்கம்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் கணக்குப் பாடம். 10 சென்டிமீட்டர் சதுரம், 0.15 மில்லிமீட்டர் கனம் உள்ள வெள்ளித் தகடு எவ்வளவு எடை இருக்கும்? வெள்ளி தண்ணீரைப்போல் பத்தரை மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள்: 16 கிராமுக்குச் சற்றே குறைவு. கிட்டத்தட்ட இரண்டு சவரன் எடை! உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளிப் பூ மலர இரண்டு சவரன் எடை வெள்ளி போதும்.

ஆகவே, பசுவந்தனைச் சகோதரியே, 180 கிராமையும் உருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 90 கிராம். தமையனார் கடைசியாக மீட்ட பணத்துக்குரிய எடையை உங்கள் பங்கிலிருந்து முதலில் எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். கேட்பதற்கு முன்பே கொடுங்கள். அவர் அன்றைக்கு வட்டிக் கடைப் படியேறியிருக்காவிட்டால் இன்றைக்கு நாம் கொலுசைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவர் விற்கிறாரோ வைத்துக்கொள்கிறாரோ, அது அவர் பாடு. உங்களிடம் ஒரு கால் கொலுசு மிஞ்சினாலே போதும். மனஸ்தாபம் வைத்துக்கொண்டு செய்கிற அலங்காரம் சுவரில் மாட்டினாலும் அழகாக இராது.

சரி, என்ன பூ?

தாமரை என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். தாமரை அழகுதான்; யார் இல்லை என்றார்கள்? ஆனால் கரிசல் காட்டுக் கொலுசு எதற்காகத் தாமரையாக வேண்டும்? அந்தக் கொலுசை அடகிலிருந்து எத்தனையோ தடவை மீட்டுக் கொடுத்த பூ ஒன்று இருக்கிறதே, அதை நாம் பூ என்று நினைப்பதே இல்லை. பருத்திப் பூவைச் சொல்கிறேன்.

கோவில்பட்டி வட்டாரத்து நாட்டுப் பருத்திக்குக் கருங்கண்ணி என்று பெயர். அதன் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல மஞ்சள் இதழ் ஐந்து; ஒவ்வொன்றின் அடியிலும் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. ஐந்து பொட்டும் நடுவில் கூடும்போது மை தீட்டிய கண்போல் இருக்கும். அதைப் பார்த்தே பெயர் வைத்தாற்போல் தோன்றும். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் ஏறி, காற்றாடிபோல் முறுக்கியிருக்கும். பூவைச் சுற்றி மூன்று பச்சை மடல்கள். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ மறுநாள் சிவந்து வாடிச் சுருண்டுவிடும். பிறகு காய், காய் முற்றி மூன்று நான்கு பிளவாக வெடித்தால் வெள்ளைப் பஞ்சு.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை! பித்தளை, செம்பு, வெள்ளி! தஞ்சாவூர்த் தட்டின் மூன்று உலோகத்தையும் பருத்திச் செடி தன் ஒரே கிளையில் வைத்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான மாதிரி வேறெங்கே கிடைக்கும்?

இன்றைக்குக் கருங்கண்ணி அங்கேயே அபூர்வமாகிவிட்டது. வேறு ரகங்களும் மக்காச்சோளமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நாட்டுப் பருத்தியில் பல ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனாலும் காட்டில் தேடினால்தான் கண்ணில் படும். அதனாலேயே அதைத் தகட்டில் பதித்து வைப்பது நல்லது என்பேன். உங்கள் மகள், "இது என்ன பூ அம்மா?" என்று கேட்பாள். சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும்.

பின்புலத்துக்கு என்ன நிறம்? கறுப்பு. இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கர்நாடகத்தில் பீதர் என்ற ஊரில் 'பிதரி' வேலை பல நூற்றாண்டாக நடந்து வருகிறது. துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் கலந்த உலோகத்தில் பாத்திரம் வார்த்து, அதில் பூக்கொடிகளைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் அடித்துப் பதிப்பார்கள். கடைசியில் பீதர் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு குழைத்துப் பூசுவார்கள். உலோகம் கன்னங்கறேலென்று ஆகிவிடும். வெள்ளி மட்டும் வெள்ளையாகவே நிற்கும். மண்தான் அங்கே வெள்ளியின் அழகை எடுத்துக் காட்டுகிறது. கரிசல் மண்காரர்களுக்கு இதைவிட உற்சாகம் தரும் செய்தி உண்டா? (நவச்சாரமெல்லாம் வீட்டில் வேண்டாம். நாம் சுலபமான வழியில் போவோம்.)

இனி வேலைக்கு வருவோம்.

ஆசாரியிடம் விட வேண்டியவை: நெருப்பும் திராவகமும் சம்பந்தப்பட்ட எதுவும் வீட்டில் கூடாது. கொலுசை முதலில் தரம் பார்க்கச் சொல்லுங்கள். ஹால்மார்க் வெள்ளியில் 925 என்று எண் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று பொருள். பழைய கொலுசில் அந்த எண்ணெல்லாம் இராது. பற்றவைத்த இடங்கள் நிறைய இருக்கும். பற்று அதிகம் கலந்து உருக்கினால் தகடு இழுக்கும்போது விரியும், வெடிக்கும். ஆகவே பற்று இருக்கும் துண்டுகளைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதை உருக்கித் தகடாக இழுத்துத் தரச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே எடை போட்டு, சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உருக்குவதற்கு முன்னால் ஒரு காரியம். கொலுசில் உள்ள முத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட உருக்கக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை: வெள்ளியை உடனே தொடாதீர்கள். கைவேலைப் பொருள் விற்கும் கடைகளில் மெல்லிய செம்புத் தகடும் பித்தளைத் தகடும் கிடைக்கும். 0.1 மில்லிமீட்டர் கனம் போதும். பித்தளை கொஞ்சம் முரடு. முரண்டு பிடித்தால் ஆசாரியிடம் காய்ச்சி ஆறவைத்து வாங்குங்கள், இளகிவிடும். முதல் இரண்டு மூன்று பூ கோணலாகத்தான் வரும். அவை செம்பில் கோணலாகட்டும், வெள்ளியில் வேண்டாம்.

முதல் நாள் வேலை பார்ப்பது மட்டும்தான். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி தை மாதம் நன்றாகப் பூத்திருக்கும். ஊருக்குப் போகும்போது காலை வேளையில் ஏதாவது ஒரு காட்டு வரப்பில் உட்காருங்கள். மொக்கு, மலர்ந்த பூ, வாடிய பூ, வெடித்த காய் நான்கையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். நேராகப் பார்த்து ஒன்று, பக்கவாட்டில் பார்த்து ஒன்று. படம் அழகாக இருக்க வேண்டாம். இதழ் எந்தப் பக்கம் ஏறுகிறது, காம்பு எங்கே வளைகிறது என்பது தெரிந்தால் போதும். நாமாக நினைத்து வரையும் பூ காலண்டர் பூவாகிவிடும். பார்த்து வரையும் பூவில்தான் அதன் குணம் வரும்.

படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்துத் தகட்டின் மேல் ஒட்டுங்கள். அடியில் பழைய செய்தித்தாளைப் பத்துப் பன்னிரண்டு மடிப்பாக வையுங்கள். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின்மேல் அழுத்தி ஓட்டுங்கள். காகிதத்தை எடுத்துவிட்டுத் தகட்டைத் திருப்பிப் போட்டு, இதழின் நடுப்பகுதியைக் குரோஷா ஊசியின் மழுங்கிய முனையாலோ, ஸ்பூன் காம்பாலோ வட்ட வட்டமாகத் தேய்த்துக் குழிக்கவும். மறுபடி நேர்ப்பக்கம் திருப்பி, கெட்டியான டைல்ஸ் துண்டின் மேல் வைத்து ஓரக் கோட்டை இன்னொரு தரம் ஓட்டினால் இதழ் 'பளிச்'சென்று எழும்பி நிற்கும். ஒரே அழுத்தில் ஆழம் வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். உலோகம் தேய்க்கத் தேய்க்க இறுகும். இறுகிய பிறகும் அழுத்தினால் கிழியும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்குமாதலால் விரல் ஜாக்கிரதை. குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பித்தளையில் ஐந்து இதழ் தனித்தனியே செய்து, காற்றாடிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்குங்கள். செம்பில் ஐந்து பொட்டு வெட்டி ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒட்டுங்கள். பக்கத்தில் சுருண்டு வாடிய பூ ஒன்று முழுக்கச் செம்பில். இதழ்களின் பின்புறக் குழியை எபாக்ஸி மாவால் நிரப்பிவிட்டால் கைபட்டு நசுங்காது.

வெள்ளியில் செய்ய வேண்டியது வெடித்த காயின் பஞ்சு. நான்கு உப்பலான துண்டுகள். இதற்கு மெழுகும் வேண்டாம், எபாக்ஸியும் வேண்டாம். பின்புறக் குழியில் கொட்டை எடுத்த பஞ்சையே அடைத்து, ஓரத்தில் சின்னத் துளைகள் போட்டு மெல்லிய கம்பியால் பலகையோடு கட்டிவிடுங்கள். ஒட்டவே ஒட்டாதீர்கள்.

பலகைக்குக் கரிசல் மண்ணையே பூசலாம். மண்ணை நன்றாகக் காயவைத்து, பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையில் குழைத்து, பிரஷ்ஷால் மெல்லிசாக மூன்று பூச்சுக் கொடுங்கள். கனமாகப் பூசினால் கோடைக் காடு மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிடும். மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு வந்தால் கவலைப்படாதீர்கள். கரிசல் வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். நன்றாகக் காய்ந்ததும் மேலே வார்னிஷ். வார்னிஷும் காய்ந்த பிறகே உலோகத்தைப் பொருத்த வேண்டும்.

இப்போது அந்தக் கொலுசு முத்துகள். பருத்திப் பூவின் நடுவே மகரந்தத் தண்டு ஒன்று நிமிர்ந்து நிற்கும். செம்புக் கம்பியில் முத்துகளைக் கோத்து, அந்தத் தண்டாக நடுவில் நிறுத்துங்கள். பலகையைக் கையில் எடுத்தால் சன்னமாக ஒரு சத்தம் வரும். அது யாருடைய சத்தம் என்று உங்களுக்கும் உங்கள் தமையனாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். ரப்பர் பாண்டு, ரப்பர் பசை, கம்பளித் துணி இவற்றிலும் கந்தகம் உண்டு, பக்கத்தில் வைக்காதீர்கள். சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள். கண்ணாடிப் பெட்டி போட்டால் மிகவும் நல்லது. கறுத்தால் நம் பாட்டிமார் வழிதான்: மெல்லிய துணியில் நைஸான திருநீறு தொட்டு மெதுவாகத் துடைப்பது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதென்றால் பலகையில் பொருத்துவதற்கு முன்பே தேய்த்துக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. இது தஞ்சாவூர்த் தட்டு ஆகாது. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறதென்று நாலு பேருக்குச் செய்து தரச் சொன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லி விற்காதீர்கள். அந்தப் பெயருக்குச் சட்டப்படி உரியவர்கள் தஞ்சையில் இருக்கிறார்கள். உளியும் சுத்தியுமாக வயதைக் கழித்தவர்கள். அசல் தட்டு வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்குங்கள். 1973-ல் ஏற்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் 'பூம்புகார்' விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும்.

வெள்ளியை ஏன் ஒட்டக்கூடாது, கம்பியால்தான் கட்ட வேண்டும் என்று சொன்னேன் தெரியுமா? கரிசல் காட்டில் வெள்ளி அலங்காரம் மட்டும் அல்ல. பஞ்சத்துக்குக் காப்பும் அதுதான். உங்கள் தாயார் அதை அப்படித்தான் வைத்திருந்தார். மகளுக்கும் அப்படியே கொடுங்கள். என்றைக்காவது ஒரு கஷ்டம் வந்தால் நாலு கம்பியை வெட்டி வெள்ளியைக் கழற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லி வையுங்கள். கழற்றிய இடத்தில் உள்ளே வைத்த பஞ்சு வெள்ளையாக இருக்கும். பருத்திப் பூ பருத்திப் பூவாகவே நிற்கும். நல்ல காலம் வந்ததும் திரும்பக் கட்டிக்கொள்வாள்.

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருந்தால் இப்போதே செம்பில் கை பழக்குங்கள். ஊருக்குப் போகும்போது தமையனாரையும் காட்டுக்கு அழைத்துப் போங்கள். கருங்கண்ணி எந்தப் புஞ்சையில் நிற்கிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். செய்து முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள்; முதல் பூ எவ்வளவு கோணல் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். டப்பாவைத் திறக்கத் தயங்கிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.